சேம அச்சு

சென்ற ஆண்டு ஆடி மாதம் முழுவதும் நான் ஒரு வரி இலக்கியம் படிக்கவில்லை. படித்ததெல்லாம் கார்களைப் பற்றித்தான். ஆடியில் வண்டி எடுக்கவேண்டாம், ஆவணி பிறக்கட்டும், அதற்குள் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். நிறமும் விலையும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. எஞ்சியிருந்தது ஒரே கேள்வி. கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியா, அல்லது தானே கியர் மாற்றிக்கொள்கிற, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் வைத்த வண்டியா? அந்தத் துடுப்புகளைப் 'பேடில் ஷிஃப்டர்' என்கிறார்கள். விரலால் இழுத்தால் இடது பக்கத்தது கியரைக் குறைக்கும், வலது பக்கத்தது கூட்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். என் உடன் பணியாற்றும் பொருளியல் பேராசிரியர் கேட்கவும் செய்தார். என் இடது முழங்காலின் சவ்வு கிழிந்திருந்தது. கல்லூரிப் படிக்கட்டில் மழை நாளில் வழுக்கியதன் விளைவு. கிளட்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர், ஏதோ உப்பைக் குறைக்கச் சொல்வது போல. ஒரு நாள் காலை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். நாமக்கல்லில் வீட்டிலிருந்து கிளம்பிக் கல்லூரி வாசலைத் தொடுவதற்குள் 140 முறைக்கு மேல் மிதித்திருந்தேன். பள்ளி வேன்களும் லாரிகளும் நெரிகிற நேரம் அது. ஆகவே மருத்துவக் காரணம் தெளிவானது. ஆனாலும் முடிவெடுக்க முடியவில்லை.

காரணம் அப்பா. அவர் 31 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இது ஒரு பெருமையான செய்தியல்ல, தெருவுக்குப் பத்துப் பேர் அப்படி இருப்பார்கள். ஆனால் அப்பாவின் கியர் பற்றி மற்ற ஓட்டுநர்களே பேசுவார்கள். அவர் ஓட்டத் தொடங்கிய காலத்து லாரிகளில் கியர் அவ்வளவு எளிதில் விழாது. ஒருமுறை கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, எஞ்சின் வேகத்தைச் சரிப்படுத்தி, மறுபடி மிதித்துப் போடவேண்டும். 'டபுள் கிளட்ச்' என்பார்கள். கொஞ்சம் தவறினாலும் பற்கள் உரசிக் கத்தும். பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைய வைக்கும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பை அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனம் 1928-லேயே கார்களில் கொண்டுவந்துவிட்டது. அப்பாவின் லாரிக்கு அந்தச் செய்தி எட்ட வெகுகாலம் ஆயிற்று.

எனக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது முதலாளியின் பழைய அம்பாசிடரில், தண்ணீர் வற்றிய ஏரியில். அந்த அம்பாசிடரின் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டிலேயே கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைய துடுப்புகளைப் புதுமை என்று விற்பனையாளர் விளக்கியபோது எனக்கு அந்தக் கொம்புதான் நினைவுக்கு வந்தது. கியர் ஒருகாலத்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்து, பிறகு தரைக்கு இறங்கி, இப்போது மறுபடி மேலே ஏறியிருக்கிறது. அப்பா கற்றுக்கொடுத்த முறை விசித்திரமானது. வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கவிடமாட்டார். "சத்தத்தக் கேளு கண்ணு. அது கேக்கும்போது குடு" என்பார். யாப்பருங்கலக் காரிகையை முதன்முதலில் படித்தபோது, அசை எங்கே முடிகிறது என்று கண்ணால் தேடாமல் காதால் கேட்க எனக்கு வந்தது என்றால் அதற்கு என் தமிழாசிரியர்கள் மட்டும் காரணமல்ல.

இன்னொரு விதியும் அவரிடம் உண்டு. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும். இதைச் சொல்லாத பழைய ஓட்டுநர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். ஆனால் நியூட்ரல் என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் மாறும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது லாரிக்காரர்களிடம் நெடுங்காலமாக இருக்கிற நம்பிக்கை. ஒருமுறை நான் விளையாட்டாக அப்படி விட்டபோது என் கையைத் தட்டிவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். அப்போது எனக்கு 19 வயது. ஏன் இத்தனை கோபம் என்று புரியவில்லை.

இத்தனை பாடம் கேட்டவன் சென்ற ஆண்டு தை மாதம் கொல்லிமலையில் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். அடிவாரம் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். நண்பரின் ஆட்டோமேட்டிக் காரை இரவல் வாங்கிக்கொண்டு மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் அரப்பளீசுவரர் கோயிலுக்குப் போயிருந்தேன். ஏறும்போது சொர்க்கம். இடது காலுக்கு வேலையே இல்லை. இறங்கும்போதும் அதே 'டி'-யில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தேன். தானாக எல்லாம் செய்கிற வண்டி இதையும் பார்த்துக்கொள்ளும் என்ற மிதப்பு. பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம். கருகிய நாற்றம் வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றாள் மகள். அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போயிற்று. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கைகள் நடுங்கின. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தினார். நாற்றத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அரைமணி நேரம் ஆறவிடுங்கள் என்றார். பிறகு உள்ளே தலையை நுழைத்து கியர்க் கம்பைப் பார்த்து, "இந்தப் பக்கம் தள்ளி மைனஸ்ல ரெண்டுக்குக் கொண்டாங்க சார். வண்டியே புடிக்கும்" என்றார். பிடித்தது. அந்தக் காரில் துடுப்பு இல்லை. கம்பிலேயே கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. ஆட்டோமேட்டிக்கைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

அன்றிரவு தொடங்கியதுதான் இந்தப் படிப்பு. பிரேக் என்பது உராய்வு, உராய்வு வெப்பம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. வெப்பம் மீறினால் பிரேக் திரவமே கொதித்துக் குமிழியிடும். குமிழியை மிதித்தால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. நான் மிதித்த பஞ்சு அதுதான். குறைந்த கியரில் விட்டால் நிலைமை தலைகீழாகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவது போய், சக்கரம் எஞ்சினைச் சுழற்றவேண்டியதாகிறது. கியர் குறையக் குறைய, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் அதிகச் சுற்றுகள் சுற்றவேண்டும், எதிர்ப்பும் அதிகம். இன்றைய கார்களில் அந்த நேரத்தில் எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும். மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை.

துடுப்பின் வரலாறும் கிடைத்தது. ஜான் பர்னார்டு என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஃபெராரியின் பந்தயக் காருக்காகச் செய்தது. 1989-இல் பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே அந்தக் காரில் நைஜல் மான்செல் வென்றார். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவேண்டியதில்லை, கியர்க் கம்புக்கு இடம் ஒதுக்காததால் காரின் உடலும் ஒடுங்கலாம் என்பது அதன் பயன். 1997-இல் சாலைக் காருக்கு வந்தது. ஒரு நொடியின் சிறு பகுதியை மிச்சம் பிடிக்கப் பிறந்த கருவி, கடைசியில் முழங்கால் தேய்ந்த தமிழாசிரியனிடம் வந்து நிற்கிறது.

கடையில் எனக்குக் காட்டிய வண்டி 'சி.வி.டி.' வகை. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை. கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதில் படிப்படியான கியர் என்பதே கிடையாது. ஆனால் துடுப்பை இழுத்தால் திரையில் 4, 3, 2 என்று எண் வருகிறது. கணினி அந்தந்த விகிதத்தில் கப்பியை நிறுத்தி, கியர் இருப்பதாக நம்பவைக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இல்லாத கியரை மாற்ற ஒரு துடுப்பா? பிறகு யோசித்தேன். விகிதம் உண்மை, எஞ்சின் பிடிக்கிற பிடியும் உண்மை, எண் மட்டுமே புனைவு. புனைவு என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடுகிற தொழிலா நான் செய்கிறேன்?

வேறு குறைகளும் உண்டு. 'டி'-யில் இருக்கும்போது துடுப்பை இழுத்தால், பல கார்களில் சற்று நேரத்தில் வண்டி தன்னிச்சைக்குத் திரும்பிவிடும். இறக்கத்தில் அதற்கென உள்ள நிலையில் வைத்துக்கொள்ளவேண்டும். ஸ்டியரிங்கோடு சேர்ந்தே துடுப்பு சுழல்கிற வண்டியில், கொண்டை ஊசி வளைவில் பாதி திருப்பியதும் கூட்டுவது எது குறைப்பது எது என்று கை தடுமாறும். ஆனால் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு, வளைவுக்குள் கியரைத் தொடாதே என்று ஏரிக்குள் அப்பா சொன்னது இந்தக் குறைக்கும் மருந்துதான்.

ஆடி 18 முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைப் பையனைக் கெஞ்சி வண்டியைக் காரவள்ளிக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் அப்பா. அவருக்கு வயது 73, ஒரு கண்ணில் பார்வை மங்கல். இருபது வளைவுகள் ஏறித் திரும்பினேன். இறங்கும்போது இடது துடுப்பை இழுத்து இரண்டில் நிறுத்தினேன். எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வளைவுகள் பேசவில்லை.

"புடிக்குது" என்றார்.

"ஆமாங்கப்பா."

"உன் காலு எங்க இருக்குது?"

"பிரேக்குக்கு மேலதானுங்க. மிதிக்கலீங்க."

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். கடைப் பையன் செல்பேசியோடு ஒதுங்கிப் போனான். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தொப்பூரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். 1986. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வருகிற இறக்கம். முதலாளி டீசல் கணக்கில் கறாரானவர். எல்லாரையும் போல அப்பாவும் நியூட்ரலில் விட்டிருக்கிறார். பாரம் தள்ள வேகம் ஏறிவிட்டது. மிதித்து மிதித்து பிரேக் பிடிக்கவில்லை. கியருக்குள் போடப் பார்த்தால் அந்த வேகத்தில் பற்கள் சேரவில்லை. கியரில் அவரை வெல்ல ஆளில்லை என்று பேர் வாங்கிய மனிதருக்கு, வேண்டிய நேரத்தில் கியர் விழவில்லை. மலைப் பக்கம் உரசி நிறுத்தினார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்கு 17 வயது. இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

தீபாவளிக்கு முன்னால் அப்பா தருமபுரிப் பக்கத்து ஊரொன்றுக்கு மணியார்டர் அனுப்புவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஏதோ பழைய கடன் என்று நினைத்திருந்தேன்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிற பாட்டு. உப்பு வணிகர்கள், பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் வழியில் என்ன நேருமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துப்போவார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். தலைவன் பெருமை, உவமை நயம் என்று மாணவர்களுக்குக் குறிப்பு எழுதிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. தொப்பூர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் வருகிற இறக்கம் ஓர் உண்மையான இறக்கம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஆட்டோமேட்டிக்கையே பதிவு செய்தேன். துடுப்பு வைத்தது விலையில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதல். கம்பிலேயே குறைக்கிற வசதியுள்ள மலிவான வண்டி போதாதா என்று மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். என்னிடம் தருக்க ரீதியான பதில் இருக்கவில்லை. மலை இறக்கத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும் என்றேன். பழைய காரை மாற்றுக்குக் கொடுக்கவில்லை. மகளுக்கு அடுத்த ஆண்டு 18 முடிகிறது. அவள் கிளட்சில்தான் கற்கவேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆவணி மாதம் நல்ல நாள் பார்த்து வண்டி எடுத்தோம். கடை வாசலிலேயே பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார்கள். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து தேடினார்.

"கொறைக்கறது எது கண்ணு?"

இடது பக்கத்ததைக் காட்டினேன். அதற்கு மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கி, எலுமிச்சைகளைச் சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனார்.