மழையும் நிலநடுக்கமும்

பூமி குலுங்கினால் அதற்கொரு காரணம் சொல்லாமல் மனிதனுக்கு ஆறாது. நிலத்துக்குள் அடைபட்ட காற்றுதான் அசைக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். 1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று காந்தியடிகள் நம் திருநெல்வேலியில் வைத்துப் பேசினார். தாகூர் அதை மறுத்தார்.

இங்கே தக்கலையில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அப்படியொரு பயம். மகனுக்கு இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வேலை. அங்கே பருவம் தப்பி மழை கொட்டுகிறதாம். "அண்ணாச்சி, இப்படிப் பெய்தா பூமி குலுங்கும்ணு சொல்லுதாவளே, நெசமா?" என்று கேட்டார்கள்.

மழையைப் பார்த்து நிலநடுக்கத்தைச் சொல்ல முடியாது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. அந்த இறுக்கம் பல கிலோமீட்டர் ஆழத்தில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விடுபடுகிறது. காங்ராவில் சுமார் 20,000 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கம் வந்தது 1905 ஏப்ரல் 4 காலையில். அது மழைக்காலமே அல்ல.

ஆனால் மழையை அலட்சியம் செய்யவும் கூடாது. ஊறிப்போன மலைச்சரிவு தானாகவே சரியும்; அந்நேரம் பூமியும் அசைந்தால் கேட்கவே வேண்டாம். அதனால், "மழை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டுக்குப் பின்னால் சரிவு உண்டுமா, ஓடைக்கரையா என்று மகனிடம் கேளுங்கள்" என்றேன்.

இமாச்சலத்துப் பழைய தச்சர்கள் கல்லையும் மரச்சட்டத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். 'காத் குனி' என்று பெயர். அசைவுக்கு வளைந்துகொடுக்கும் சுவர் அது. நிலநடுக்கம் வரும் நாளை அவர்கள் கணிக்கவில்லை. வந்தால் தாங்கும்படி வீட்டைக் கட்டினார்கள்.