போர் பெற்ற பிள்ளையா புரட்சி?

"போர் வந்தால் புரட்சி வரும், புரட்சி வந்தால் பொற்காலம் வரும்!" இப்படிப் பேசுவோர் இன்றும் நம்மிடையே உண்டு. படிப்பகத்து வாங்கிலே அமர்ந்து, மாலை ஏட்டினைப் புரட்டியபடியே, "ஒரு பெரும்போர் மூளட்டும், தோழரே! பிறகு பாருங்கள், ஆதிக்கம் அத்தனையும் மண்ணாகும்!" என்று ஆர்வம் பொங்கக் கூறும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்கள் தீயவர்கள் அல்லர். கொடுமை கண்டு குமுறும் உள்ளம் படைத்தவர்கள். ஆயினும், அவர்கள் துணைக்கு அழைக்கும் வரலாறே அவர்களுக்கு எதிராகச் சாட்சி கூறுகிறது. எந்த ரஷ்யாவைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்களோ, அந்த ரஷ்யாவையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம், வாரீர்!

பள்ளியிலே வரலாறு கற்பிப்பவன் நான். தேர்வுக்கான வழிகாட்டி ஏடுகளில், 'முதல் உலகப் போரின் விளைவுகள்' என்ற தலைப்பின் கீழ், ரஷ்யப் புரட்சி ஒரே ஒரு வரியாக ஒடுங்கி நிற்கும். மாணவன் மனப்பாடம் செய்வான், மதிப்பெண் பெறுவான். ஆனால், மழை பெய்தால் புல் முளைப்பதுபோல, போர் நடந்தால் புரட்சி முளைக்கும் என்ற எண்ணத்தையும் அந்த ஒற்றை வரி அவன் உள்ளத்திலே ஊன்றிவிடுகிறது. ஜார் மன்னன் வீழ்ந்தபோது 'புதிய ருஷியா' பாடிய பாரதியார், அதனைத் தெய்வத்தின் அருட்செயலாகக் கண்டார். இன்றைய இளைஞர் சிலர் தெய்வம் இருந்த இடத்திலே போரை அமர்த்திவிட்டனர். காரணம் கேட்கும் அறிவுக்கு இரண்டுமே தாழ்ப்பாள்தான்!

ரஷ்ய மன்னர்கள் 63 ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் போர்களிலே அடிபட்டனர். மூன்று முறையும் ஆட்டம் கண்டது அரியணை. ஒரே ஒரு முறைதான் அது கவிழ்ந்தது. ஏன் என்று கேட்பவனே வரலாறு படித்தவனாவான்.

முதலாவது, கிரிமியப் போர். 1853 முதல் 1856 வரை நடந்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே போர்முனைக்குச் செல்ல இருப்புப்பாதை கிடையாது. கடல் கடந்து வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள், தன் நாட்டு மண்ணிலே நடந்து வந்த ரஷ்யப் படையைத் தோற்கடித்தன. பண்ணையடிமைகளை வைத்துக்கொண்டு புதிய உலகத்தோடு மோத முடியாது என்பது அப்போது அரண்மனைக்கே புரிந்தது. அடிமைமுறையை மேலிருந்து நாமே ஒழிக்காவிட்டால், அது கீழிருந்து தானே ஒழியும் என்று பிரபுக்களிடம் எச்சரித்தவன் யார்? புரட்சிக்காரன் அல்லன், இரண்டாம் அலெக்சாந்தர் மன்னனேதான்! 1861 இல் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர். விடுதலை கிடைத்தது, விளைநிலம் முழுதும் கிடைக்கவில்லை. கிடைத்த நிலத்துக்கும் 49 ஆண்டுகள் தவணை கட்டவேண்டும் என்றனர். உழுதவன் கடனாளி, உட்கார்ந்து உண்டவன் கடன்காரன்! அரைகுறை நீதி அரியணையைக் காப்பாற்றிற்று. ஆனால், உழவன் நெஞ்சிலே 'நிலம் எங்கே?' என்ற கேள்வி தங்கிவிட்டது.

இரண்டாவது, ஜப்பானியப் போர். 1905 ஜனவரியில் போர்ட் ஆர்தர் வீழ்ந்தது. அதே மாதம் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தலைநகரத் தொழிலாளர் மனு ஒன்றை எடுத்துக்கொண்டு மன்னனைக் காணச் சென்றனர். கையிலே ஆயுதமில்லை, திருவுருவப் படங்களும் மன்னனின் படமும் இருந்தன. முன்னே சென்றவர் பாதிரியார் கபோன். பக்தியோடு வந்தவர்களைத் துப்பாக்கி வரவேற்றது! படங்கள் பாதுகாக்கவில்லை, பனி படர்ந்த வீதியிலே குருதி படிந்தது. மன்னன் நம் தந்தை என்ற நம்பிக்கை அன்று செத்தது. மே மாதம், பாதி உலகைச் சுற்றி ஏழு மாதம் பயணம் செய்து வந்த ரஷ்யக் கப்பற்படை, சுஷிமாவிலே மூழ்கிற்று. ஜூனில் பொட்டெம்கின் கப்பலின் மாலுமிகள் கலகம் செய்தனர். அக்டோபரில் நாடே வேலைநிறுத்தம் செய்தது.

தோல்வி இருந்தது, துயரம் இருந்தது, கலகமும் இருந்தது. அரியணை வீழ்ந்ததா? இல்லை! செப்டம்பரிலேயே ஜப்பானோடு உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. ஆட்சிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அக்டோபரில் மன்னன் மன்றம் அமைப்பதாக அறிக்கை விட்டான். எதிர்ப்பாளரில் ஒரு பகுதியினர் அதனை நம்பினர். டிசம்பரில் மாஸ்கோத் தொழிலாளர் எழுந்தபோது, படை கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது, பீரங்கி பேசிற்று. 1906 இல் பிரான்சிலிருந்து பெருங்கடன் வந்தது. அதே ஆண்டு, கூடிய மன்றம் மூன்று மாதம் முடியுமுன் கலைக்கப்பட்டது. போர்த்தோல்வி ஒன்றே புரட்சிக்குப் போதுமென்றால், 1905 இலேயே ஜார் ஓடியிருக்க வேண்டுமல்லவா?

மூன்றாவதுதான் நம் நண்பர்கள் நாள்தோறும் எடுத்துக்காட்டும் உலகப் போர். 1914 முதல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரைப் படைக்கு இழுத்தது ரஷ்யா. ஏரைப் பிடித்த கை துப்பாக்கியைப் பிடித்தது. 1915 இல் போலந்து பறிபோயிற்று. அந்த ஆண்டே இரண்டாம் நிக்கோலஸ் தானே படைத்தலைமை ஏற்றான்; அதுமுதல் ஒவ்வொரு தோல்வியும் அவன் பெயரிலேயே எழுதப்பட்டது. இரயில் வண்டிகள் போர்முனைக்குச் சுமை இழுத்தன. நகரங்களிலே ரொட்டிக்கடை வாயிலில் வரிசை நீண்டது.

1917 மார்ச் 8. உலக மகளிர் நாள். பெத்ரோகிராடு நகரின் நெசவாலைப் பெண்கள் 'ரொட்டி வேண்டும்!' என்று வீதிக்கு வந்தனர். இரவெல்லாம் வரிசையில் நின்று பகலெல்லாம் தறியில் நின்ற பெண்கள் அவர்கள். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி அது பிப்ரவரி 23. எனவேதான் பிப்ரவரிப் புரட்சி என்கிறோம். 11ஆம் நாள், வொலின்ஸ்கிப் படைப்பிரிவினர் கட்டளைப்படி மக்களைச் சுட்டனர். மறுநாள் காலை, அதே பிரிவினர் சுட மறுத்துக் கலகம் செய்தனர். 15ஆம் நாள் ஜார் முடிதுறந்தான். 1613 முதல் ஆண்ட ரோமனாவ் மரபு ஒரு வாரத்திலே முடிந்தது!

ஓர் இரவிலே அந்தப் படைவீரனை மாற்றியது எது? அவன் உழவன் மகன். 1861 இன் கேள்வி அவனுக்குப் பாட்டன் சொத்தாக வந்திருந்தது. 1905 இல் மன்னன் தந்தையல்லன் என்பதை அவன் வீட்டார் கண்டிருந்தனர். படிப்பு வட்டங்களும், மறைவாக அச்சிட்ட துண்டறிக்கைகளும், வேலைநிறுத்தங்களும் பல்லாண்டுகளாக அந்நாட்டு மண்ணைப் பண்படுத்தியிருந்தன. 1905 இலேயே 'சோவியத்' என்னும் தொழிலாளர் மன்றத்தை நடத்திப் பழகியிருந்ததால்தான், 1917 இல் ஜார் முடிதுறக்கும் முன்னரே, மார்ச் 12 இலேயே, தலைநகரில் சோவியத் கூடிற்று. போர் துப்பாக்கியைத் தந்தது. யாரைச் சுடக்கூடாது என்ற தெளிவைத் தந்தது போரன்று. புயலிலே மரம் சாய்ந்ததைப் பார்த்துப் புயலைப் புகழ்கிறோம். செல்லரித்ததைப் புயலா செய்தது?

இன்னொரு செய்தியும் உண்டு. அதுதான் என்னை உறுத்துவது. போர் வாசலைத் திறந்துவிட்டுப் போய்விடுவதில்லை, கூலி கேட்கிறது! ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசு பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால், போரை நிறுத்தவில்லை, நிலத்தையும் பங்கிடவில்லை. ஜூலையில் புதிய தாக்குதல் நடத்தித் தோற்றது. நவம்பர் 7 இல் போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தனர். மறுநாளே அமைதிக்கும் நிலத்துக்கும் ஆணைகள் பிறந்தன. போற்றத்தக்க ஆணைகள்! ஆனால், டிசம்பரில் 'செகா' என்னும் இரகசியக் காவல்துறையும் பிறந்தது. 1918 ஜனவரி 18 இல், மக்கள் வாக்களித்து அமைத்த அரசியல் நிர்ணய சபை கூடிற்று. அதிலே போல்ஷ்விக்குகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். ஒரே ஒரு கூட்டத்தோடு சபை கலைக்கப்பட்டது!

பின்னர் உள்நாட்டுப் போர். பழைய தளபதிகள் ஒருபுறம். பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் அனுப்பிய படைகள் மறுபுறம். பழி முழுவதையும் புரட்சியாளர் தலையிலே சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் விளைவு என்ன? உழவனின் தானியம் துப்பாக்கி முனையிலே எடுக்கப்பட்டது. வறட்சியும் சேர்ந்தது, 1921-22 பஞ்சத்திலே ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர். 1917 இல் புரட்சியின் பெருமை என்று போற்றப்பட்ட குரோன்ஸ்டாட் கோட்டை, 1921 மார்ச்சில் பேச்சுரிமையும் சோவியத்துகளுக்குப் புதிய தேர்தலும் கேட்டு எழுந்தது. உறைந்த கடல்மீது நடந்து சென்று, செம்படை அதனை ஒடுக்கிற்று. போர்க்காலத்திலே பழகிய கை, அமைதிக்காலத்திலும் ஆணையிடவே நீண்டது.

புரட்சி செய்தது ஒன்றுமே இல்லை என்று நான் கூறவில்லை. எழுத்தறியாதோர் நிறைந்த நாட்டிலே எழுத்தைப் பரப்பிற்று; பிறப்பால் வந்த பட்டங்களை ஒழித்தது. 1932 இல் பெரியார் அந்நாட்டைச் சென்று கண்டார். திரும்பி வந்தவர், போர் வரட்டும் என்று காத்திருந்தாரா? சிங்காரவேலரோடு கலந்து, அந்த ஆண்டிலேயே ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். பேச்சும் ஏடும் பட்டிதொட்டிப் பயணமுமே அவர் ஏந்திய கருவிகள்.

என் வகுப்பிலே பதினான்கு வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். பெரும்போர் மூண்டால் நான்காண்டுகளில் சீருடை அணியவேண்டியவர்கள் அவர்கள். ரொட்டிக்கடை வரிசையிலே நிற்கவேண்டியவர்கள் அவர்தம் தாய்மார். வாங்கிலே அமர்ந்து போரை வரவேற்கும் தோழரே, யார் வீட்டுப் பிள்ளையை அனுப்பி உமது புரட்சியை வாங்கப்போகிறீர்?

மாற்றம் வேண்டும்; மறுப்பில்லை. நிலம் யாருக்கு, கல்வி யாருக்கு, கோயிற் கருவறையும் ஆட்சி மன்றமும் யாருக்கு என்ற கேள்விகளை இன்றே, அமைதிக் காலத்திலேயே, வீடு வீடாகக் கொண்டு செல்வோம். கேள்வி கேட்கக் கற்ற மக்களுக்குப் போரின் உதவி தேவையில்லை. கல்லாத மக்களுக்குப் போர் வந்தாலும், ஒரு தலைவனை மாற்றி இன்னொரு தலைவனைத் தந்துவிட்டுப் போகும், அவ்வளவே!