டப்பாவில் எழுதாத விஷயம்

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான வைட்டமின் டப்பாக்களில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல் பெரிதாக இருக்கும். நான் சாஃப்ட்வேர் ஆள். எதுவும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாவிட்டால் தூக்கம் வராது. படித்துப் பார்த்தேன்.

நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இரண்டு அடுக்குக் கொழுப்புச் சவ்வு இருக்கிறது. பழைய எண்ணெய் காறிப்போவது போல அந்தக் கொழுப்பும் கெடலாம். அதைத் தடுப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினைத் தண்ணீரில் கலக்கினால் அதே மாதிரிச் சவ்வு உள்ள நுண்ணிய குமிழிகள் தானாக உருவாகும். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டார். இன்றும் இந்தக் குமிழிகளில் அமிலங்களைச் சேர்த்துப் பரிசோதிக்கிறார்கள்.

வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், தண்ணீரில்தான் கரையும், கொழுப்புக்குள் நுழையாது. சவ்வுக்குள் காவல் நிற்பது வைட்டமின் ஈ. அது செயலிழந்தால், வெளியே இருக்கும் சி அதை மீட்டுக் கொடுக்கும். இரண்டும் கூட்டாளிகள்.

ஆனால் குமிழிக்குக் குடலும் இல்லை, ரத்தமும் இல்லை. அங்கே நடப்பது அப்படியே உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கம்மா தன் ஆறு வயதுப் பேத்திக்கு 1000 மில்லிகிராம் மாத்திரை வாங்கி வந்து, “தினம் ஒண்ணு குடுப்பா, சளி பிடிக்காது” என்றார். அமெரிக்கப் பரிந்துரைப்படி 4 முதல் 8 வயதுக்கு ஒரு நாள் தேவை 25 மில்லிகிராம், உச்சவரம்பு 650. மீறினால் வயிற்றுப்போக்கு வரலாம். “ஒரு ஆரஞ்சே போதும்மா, அதோட கொஞ்சம் வேர்க்கடலை” என்றேன். கடலையில் வைட்டமின் ஈ இருக்கிறது.

உங்க வீட்டு டப்பாவிலும் அந்த மில்லிகிராம் கணக்கை ஒருமுறை பாருங்கள்.