தண்ணீர் லாரிக்கு ஒரு ஸ்தோத்திரம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் நாங்கள் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் 'இயேசு அழைக்கிறார்' ஜெபகோபுரம். அந்தச் சாலை இப்போது டி.ஜி.எஸ். தினகரனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இன்னமும் அது கிரீன்வேஸ் சாலைதான். இரவு பகல் என்றில்லாமல் தொலைபேசியில் அழைத்து, பரீட்சைக்காகவும் வேலைக்காகவும் கடனுக்காகவும் குழந்தை வரத்துக்காகவும் ஜெபிக்கச் சொல்லுகிறவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. இதை எழுதும்போதே நண்பர்களில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நாங்களும் புன்னகைத்தவர்கள்தாம்.

எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. அம்மாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் நாங்கள் மூவர். இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம் என்பது அந்த வீட்டின் மாறாத சட்டம். முதலில் ஒரு சங்கீதம், பிறகு ஸ்தோத்திரங்கள், கடைசியில் விண்ணப்பங்கள். அம்மாவின் ஸ்தோத்திரங்கள் நீளமானவை. அவற்றில் இடம்பெறும் சமாச்சாரங்களோ மிகச் சிறியவை. காணாமற்போன சாவி கிடைத்தது, கேஸ் சிலிண்டர் தீருவதற்குள் அடுத்தது வந்தது, ரேஷன் கடையில் பருப்பு இருந்தது. பிரபஞ்சத்தைப் படைத்தவருக்கு இவ்வளவு சில்லறைக் கணக்கா என்று நாங்கள் கண்ணை மூடியபடியே ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வோம்.

2003, 2004ஆம் ஆண்டுகளைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வற்றிக் குழாய்களில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த காலம். கிழக்கே கடல், தெற்கே அடையாறு என இருபுறமும் நீர் சூழ்ந்த பேட்டையில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பிளாஸ்டிக் குடங்களோடு தெருமுனையில் நின்றோம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் காலையிலேயே 'இன்றைக்கு ஒரு பத்துக் குடம், ஆண்டவரே' என்று எண்ணிக்கை சகிதம் கேட்டுவிடுவாள். லாரி வந்த நாளில் இரவு ஸ்தோத்திரத்தில் அதுதான் முதல் இடம். வராத நாளில் அந்த இடம் வேறொன்றுக்கு. எதுவும் காலியாக விடப்பட்டதில்லை.

எங்களில் மூத்தவன் அப்போது பெரியாரையும் ரஸ்ஸலையும் படித்துக்கொண்டிருந்தான். "லாரி வந்தது குடிநீர் வாரியத்தின் ஏற்பாடு. நன்றி சொல்வதென்றால் அந்த டிரைவருக்குச் சொல்லுங்கள்" என்றான் ஒருநாள். அம்மா சற்றும் யோசிக்காமல், "அவருக்குத்தான் மத்தியானமே மோர் கொடுத்தாச்சே" என்றாள். அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் மோர்! அதற்கு எதிர்வாதம் எங்களில் எவரிடமும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, 1959இல் சி.எஸ். லூயிஸ் ஜெபத்தின் பலன் குறித்து எழுதிய கட்டுரையைப் படித்தபோது அம்மாவின் நினைவு வந்தது. லண்டன் போவதற்காக முடிவெட்டிக்கொள்ள நினைக்கிறார். பயணம் ரத்தாகிறது, ஆனாலும் போய் வெட்டிக்கொள் என்று ஏதோ ஒன்று உள்ளே நச்சரிக்க, போகிறார். நீங்கள் இன்று வர வேண்டுமென்றுதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் முடிதிருத்துபவர். ஒருநாள் தள்ளிப் போயிருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்க மாட்டார். இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது என்று லூயிஸே ஒப்புக்கொள்கிறார், தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் தம்மை அது பிரமிக்க வைத்தது என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. மறுக்கப்பட்ட ஜெபங்களுக்கும் அதே கட்டுரையில் அவர் வருகிறார். கெத்செமனே தோட்டத்தில் கேட்கப்பட்ட விண்ணப்பமே நிறைவேறவில்லையே.

எங்களுக்கு அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அடையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது சீனிவாசபுரம். அங்கே குடிசைகளும் படகுகளும் போயின, உயிர்களும் போயின. எங்கள் தெருவில் ஈரம்கூட இல்லை. சாந்தோம் ஆலயத்தின் பின்னே அப்போஸ்தலர் தோமா நட்டதாகச் சொல்லப்படும் மரத்தூணைத் தாண்டிக் கடல் வராது என்றொரு ஐதீகம் உண்டு. அது உண்மையாகிவிட்டது என்று ஊர் பேசிற்று.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி வேளை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாள் ஒருவர், 'நம் பகுதியைக் கர்த்தர் காப்பாற்றினாரே, நீங்கள் சொல்லுங்கள் அக்கா' என்று அம்மாவை அழைத்தார். கேஸ் சிலிண்டருக்கே பத்து நிமிடம் ஸ்தோத்திரம் சொல்லும் அம்மா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூத்தவன் காரணம் கேட்டான்.

"ஏல, அடுத்த வீட்டுல எழவு விழுந்து கெடக்கு. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் அடிக்கச் சொல்லுதியா?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. அன்றிரவும் ஜெபம் நடந்தது. பட்டினப்பாக்கத்துக்கு அனுப்புவதற்காகக் கேட்ட பழைய போர்வைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ந்ததற்காக நன்றி சொன்னாள். எண்ணிக்கையும் சொன்னாள். அன்று நாங்கள் யாரும் யாரையும் கிள்ளவில்லை. தான் கையால் எண்ணக்கூடியதற்கு மட்டுமே அவள் நன்றி சொல்லிவந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பிறர் பங்கைப் பறித்து வந்ததாக இருக்கக்கூடிய எதையும் அவள் தன் வரவில் எழுதவில்லை.

தினகரனைப் பற்றிய எங்கள் பழைய புன்னகை மறைந்ததும் அந்த நாட்களில்தான். வேலையின்றிச் சாகத் துணிந்த வாலிபன், வங்கி ஊழியர், ஆயிரக்கணக்கானோருக்காக மேடையில் கண்ணீர்விட்டு ஜெபித்தவர். அவருடைய மகள் ஏஞ்சல் 1986இல் கார் விபத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவர் மேடையேறினார், 2008இல் மறையும் காலம்வரை பிறருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெருங்கூட்டங்களும் மேடை அற்புதங்களும் எங்களுக்கு இன்றும் ஒத்துவருவதில்லை. ஆனால் 1986க்குப் பிறகு ஒரு மனிதர் எப்படி மறுபடி கைகளை உயர்த்தியிருக்க முடியும் என்று யோசிக்காமல் அந்தக் கட்டிடத்தைக் கடக்க எங்களால் முடிவதில்லை.

அம்மாவின் முறையும் வந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுது. நாங்கள் மூவரும், படித்தவன் உட்பட, பெரிய விண்ணப்பத்தைத்தான் வைத்தோம். அது கேட்கப்படவில்லை. மருத்துவமனையின் கடைசி வாரங்களில் அவள் கைகள் ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தன. நரம்பு அகப்படுவதே பாடு. ஒருநாள் காலை, இளம் செவிலிப்பெண் ஒருத்தி ஒரே குத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா கண்ணை மூடி, "ஒரே குத்துல கெடச்சுட்டு, ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு, அவளுக்கும் நன்றி சொன்னாள்.

மறுநாள் நான்கு முறை குத்த வேண்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த நாள், மருந்துத் தட்டு வண்டி உருண்டுவரும் ஓசை நடையில் கேட்டதும், எங்களில் மூத்தவன்தான் முதலில் கண்ணை மூடினான்.