கொம்பைப் பார்க்காதே, தீனியைக் கேள்... காங்கேயத்தில் ஒரு குட்டி கேமிங் கம்ப்யூட்டர்!

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரே டிக்கெட்டில் இரண்டு உலகம் பார்க்கலாம். நல்லூர் தாண்டும் வரை பனியன் கம்பெனிகள். படியூர் நெருங்கும்போது கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள். (இந்தப் படியூர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்நீல நிற பெரில் கற்களுக்காகத் தோண்டப்பட்ட ஊர். இன்று கடந்துபோகும் யாருக்கும் அது தெரியாது!) காங்கேயம் எல்லைக்கு வந்துவிட்டால் தேங்காய்க் களங்கள், அரிசி ஆலைகள், காற்றில் உமித்தூசி.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறிய பையனின் மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓர் அடிக்கும் குறைவான நீளம், நான்கு விரற்கடை உயரம். பக்கத்தில் அப்பா. திருப்பூர் ஆபீஸ் ஒன்றில் பில் போட்டுக் கொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, அலுவலகங்களிலிருந்து இப்படிப்பட்ட ஒல்லிப் பெட்டிகள் கழிந்துகொண்டிருக்கின்றன. கழிப்பதில் எல்லாமே கழிசடை அல்ல. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசசரிலிருந்து விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பையன் அதில் ஏமாறவில்லை. அவன் மடியில் இருந்தது ஆறு கோர் கொண்ட ஐ5-8500. வேலரன்ட் விளையாட விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். அதற்கும் இது தோது.

"ஏங் கண்ணு, கணக்கு எழுதுன பொட்டி... இது கேம் இழுக்குமா?"

"இப்ப இழுக்காதுங்கப்பா. கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா இழுக்கும்."

"அது எத்தன தீனி திங்கும்?"

பையன் சிரித்துவிட்டான். ஆனால், சரியான கேள்வி அதுதான். கடைக்காரர்களில் பாதிப்பேர் இதைக் கேட்பதில்லை.

மொத்தக் கணக்கு 30 ஆயிரம். கட்டுத்தரையில் நின்ற ஒரு காளைக்கன்றை விற்ற பணம். ஆகஸ்ட்டில் இன்ஜினீயரிங் சேரப் போகிறவனுக்குப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் இந்த ஒரே பெட்டிதான். தப்பான பாகம் வாங்கினால் திரும்ப விற்க இன்னொரு கன்று இல்லை.

புதிதாகவே குட்டியாக ஒன்று கட்டலாமே என்றால், அங்கே ஒரு சங்கடம். 17 சென்டிமீட்டர் சதுரத்தில் 'மினி ஐடிஎக்ஸ்' போர்டு 2001லேயே வந்துவிட்டது. ஆனால், போர்டு, கேபினெட், பவர் சப்ளை என ஒவ்வொன்றிலும் 'சின்னது' என்பதற்கே தனி விலை. ஆபீஸ் பெட்டியில் அந்தச் சின்னது இலவசமாக வருகிறது. பதிலுக்கு அது கேட்கும் விலை வேறு. உள்ளே இருக்கும் பவர் சப்ளை அந்த கம்பெனிக்கே உரிய அச்சு. கடையில் கிடைக்கும் 500 வாட் சப்ளையை வாங்கி அந்த இடத்தில் மாட்ட முடியாது. இந்த வகைப் பெட்டிகளில் 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும். இவர்களுடையதில் லேபிள் 250 என்றது.

அன்று இரவே அப்பா பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டல் போட்டார். ப்ராசசர் 65, மற்ற சில்லறை 30. கார்டுக்குத் தனி ஒயர் எதுவும் அந்த சப்ளையில் இல்லை. ஆகவே, போர்டில் இருக்கும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அது அடங்கியாக வேண்டும். உயரமும் பாதிதான். 'லோ ப்ரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும். பையன் ஸ்கேலை எடுத்து உள் நீளம் அளந்தான். இரட்டைத் தடிமன் கார்டு நுழையுமா என்றும் பார்த்துக்கொண்டான். சில பெட்டிகளில் நுழையாது. அதை வீட்டுக்கு வந்து கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

காங்கேயம் மாட்டுக்குப் பேர் வந்ததும் தீனிக் கணக்கால்தான். மழை குறைந்த பூமி. கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துவிட்டு, நடுத்தர உடம்பை வைத்துக்கொண்டு பாரம் இழுக்கும். பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும். பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், குளம்பு பார்ப்பார்கள். கடைசியில் நடக்கவிட்டுப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை.

திங்கட்கிழமை பல்லடம், சூலூர் வழியாகக் கோவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகும் அளவுக்கு இது பெரிய வேலை இல்லை, காந்திபுரமே போதும்.

முதலில் காட்டப்பட்டது ஆர்எக்ஸ் 6400. ஒல்லி, 53 வாட்தான், பெட்டியில் சிரமமில்லாமல் உட்காரும். ஆனால், அது போர்டோடு பேச நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. 2018ஆம் வருஷத்து போர்டில் பாதை ஒவ்வொன்றும் மெதுவானது என்பதால் வேகம் குறையும். புது போர்டுக்காரர்களுக்கு அது நல்ல கார்டு, இவர்களுக்கு இல்லை.

அடுத்து ஒரு பழைய ஜிடிஎக்ஸ் 1650. விலை ஆசை காட்டியது. விசிறி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கார்டைத் திருப்பி, திருகாணித் தலைகளைப் பார்த்தார். நான்கில் மூன்று சிராய்ந்திருந்தன.

"இதைக் கழட்டிப் பூட்டியிருக்கறாங்க. எத்தன கை மாறுச்சுங்க?"

கடைக்காரர் பதில் சொல்வதற்குள் பையன் காதில், "கொம்பச் சீவி எண்ணெய் தடவுனது மாதிரி இருக்குது சாமி" என்றார்.

பழைய கார்டே தப்பு என்பதல்ல. கால் மணி நேரம் கேம் ஓடவிட்டு, சூட்டையும் சத்தத்தையும் பார்த்து, திரையில் புள்ளி தெறிக்கிறதா என்று கவனித்து வாங்கினால் லாபம்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயச் சுரங்க முறை முடிந்தபோது ராப்பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. நடத்திப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து இன்னும் முக்கியம். அந்தக் கடையில் ஓட்டிக் காட்ட வசதி இல்லை. எனவே அது வேண்டாம் என்றாயிற்று.

கடைசியில் வாங்கியது ஆர்டிஎக்ஸ் 3050. இங்கேதான் பெரிய பொறி! அந்தப் பெயரில் இரண்டு உருப்படி உண்டு. 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும், தனி ஒயரும் கேட்கும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். டப்பாவில் பெயர் ஒன்றுதான். பையன் '6 ஜிபி, லோ ப்ரொஃபைல்' என்ற இரண்டையும் விரல் வைத்துப் படித்த பிறகே அப்பா பணம் எண்ணினார். கையிருப்பில் பாதிக்கு மேல் அதிலேயே போயிற்று.

மெமரிக்கு மிச்சம் அவ்வளவு இல்லை. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனமே அந்த வியாபாரத்தை விடுவதாக டிசம்பரில் அறிவித்தது. பெட்டியில் 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று இருந்தது. திருப்பூரில் பெட்டி வாங்கிய இடத்திலேயே, போர்டு போன இன்னொரு பெட்டியிலிருந்து அதே ஜோடி கழற்றிக் கொடுத்தார்கள். ஒற்றை மாட்டைவிட ஜோடி நன்றாக இழுக்கும். ரேமும் இரண்டு ஸ்லாட்டில் இருந்தால்தான் முழு வேகம் தரும்.

கணக்கு நோட்டில் கூட்டல் 165இல் நின்றது. வீட்டில் ஏற்கெனவே இருந்த 600 விஏ யூபிஎஸ்ஸே தாங்கும். கரன்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்க அவகாசம் கிடைக்கும்.

ராத்திரி ஜிடிஏ 5 ஓடியது. விசிறிச் சத்தம் கேட்டு அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, இரைக்குதா?"

"இல்லீங்கப்பா. மூச்சுதான் விடுது."

மறுநாள் காலையில் பெட்டி தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஏறியிருந்தது. பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி. எதிர்த்தாற்போல் களத்தில் தேங்காய் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். தூசி துடைக்கும் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று ஸ்டூலின் காலில் நூலால் கட்டித் தொங்கியது.