எது வரை வந்தது?

"சிஸ்டம் ஆன் ஆகலை" என்று யாராவது போனில் சொன்னால் நான் உடனே பையைத் தூக்குவதில்லை. "ஃபேன் சுத்துதா? லைட் எரியுதா? ஸ்கிரீன்ல ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்பேன். பலர், "அதெல்லாம் வருது தம்பி, உள்ளதான் போக மாட்டேங்குது" என்பார்கள். ஆன் ஆகாத கணினி வேறு, ஆன் ஆகி நடுவழியில் நிற்கும் கணினி வேறு. முன்னதில் மின்சாரம் எங்கே அறுந்தது என்று மீட்டரை வைத்துத் தொட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் அகப்பட்டுவிடும். பின்னதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பட்டனை அமுக்கியதும், மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டுகளை நிலைப்படுத்திவிட்டு, எல்லாம் சரி என்று போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கிறது. அது வந்த பிறகுதான் பிராசஸர் தன் முதல் கட்டளையைப் படிக்கும். அந்தக் கட்டளை பயாஸ் சிப்பில் இருக்கிறது. பயாஸ் ரேமைச் சோதிக்கும், டிஸ்ப்ளேயை எழுப்பும், கீபோர்டு, யூஎஸ்பி, ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாகத் தேடும். பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து அதிலுள்ள சிறிய நிரலிடம் வேலையை ஒப்படைக்கும். புதிய யூஈஎஃப்ஐ போர்டுகளில் இதற்கென்றே ஒதுக்கிய சின்னப் பார்ட்டிஷனிலிருந்து லோடரை எடுக்கும். அப்புறம் விண்டோஸின் கெர்னல், டிரைவர்கள், சர்வீஸ்கள், கடைசியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை. எஸ்எஸ்டி போட்ட கணினியில் இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் இதில் இத்தனை படிகள் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எது வரை வந்தது? கம்பெனி லோகோவோடு நின்றதா, அதன் கீழே புள்ளிகள் சுற்றினவா? இப்போதைய கணினிகளில் விண்டோஸ் ஏறும்போதும் கம்பெனி லோகோவே திரையில் தங்கியிருக்கும். கீழே புள்ளிகள் சுற்றினால் பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது, பொறுப்பு கைமாறிவிட்டது என்று அர்த்தம். புள்ளிகள் வராமல் வெறும் லோகோ மட்டும் நின்று, பயாஸ் செட்டப்புக்குள்ளும் போக முடியவில்லை என்றால், விண்டோஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரின்டர், பென் டிரைவ், கார்டு ரீடர், வெப் கேமரா எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வேன். பழுதான ஒரு பென் டிரைவைத் தேடிக்கொண்டே பயாஸ் நின்றுகொண்டிருக்கும். போனிலேயே முடிந்துபோகிற வேலை அது.

சுற்றிக்கொண்டே இருக்கிறதா, சுற்றுவதும் உறைந்துவிட்டதா என்று அடுத்துக் கேட்பேன். சுற்றுகிறது, டிஸ்க் விளக்கும் விடாமல் எரிகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. அப்டேட்டாக இருக்கலாம், டிஸ்க் சோதனையாக இருக்கலாம், படிக்க முடியாத ஒரு செக்டாரோடு ஹார்ட் டிஸ்க் போராடிக்கொண்டும் இருக்கலாம். முதல் இரண்டில் காத்திருக்க வேண்டும். மூன்றாவதில் காத்திருக்கவே கூடாது. வித்தியாசத்தைக் காது சொல்லும்: ஒரே சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்டால் உடனே பவரை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

திரையில் கடைசியாக நிற்பதையே குற்றவாளி என்று எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாப் பையன்களுக்கும் உள்ள பழக்கம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சேஃப் மோடில் போட்டால் டிரைவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடி, 'மப்.சிஸ்' என்ற வரியில் நிற்கும். அந்த ஃபைலை மாற்றிப் பார்க்காதவர் அன்று அரிது. ஆனால் அந்த வரி, இது ஏறி முடிந்தது என்று சொல்லும் வரி. பட்டியலில் அது கடைசியாக வருவது. தகராறு அதற்கு அப்புறம் நடப்பதில். போர்டில் செருகிப் பார்க்கும் டயக்னாஸ்டிக் கார்டு இதற்கு நேர்மாறு. பயாஸ் ஒவ்வொரு சோதனையையும் தொடங்கும் முன்பே அதற்குரிய எண்ணை எழுதிவிடும். எனவே கார்டில் நிற்கும் எண், முடிக்க முடியாமல் போன வேலையினுடையது. முடிந்ததைச் சொல்லும் அடையாளமா, தொடங்கியதைச் சொல்லும் அடையாளமா என்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பயனில்லை.

எங்கள் தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் விண்டோஸ் 7 போட்ட டெஸ்க்டாப் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டால், விண்டோஸ் லோகோ வரும், ஒரு நொடி நீலத்திரை மின்னும், மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "விண்டோஸ் போயிருச்சு, ஃபார்மட் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். "அதையெல்லாம் அழிச்சிருவாங்களோன்னு தூக்கிட்டு வந்துட்டேன் தம்பி" என்றார். "ஊருக்குப் போறப்ப சுவிட்ச் போர்டையும் அணைச்சிட்டா டீச்சர் போனீங்க?" என்று கேட்டேன். "பின்ன, எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தானே வீட்டைப் பூட்டணும்?"

செட்டப்பைத் திறந்தால் தேதி 2009 ஜனவரியில் நின்றது. போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரி, 3 வோல்ட் கொடுக்க வேண்டியது, தீர்ந்துவிட்டது. அது எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் சுவிட்ச் போர்டு ஆனில் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் செட்டிங்கும் அதில் பிழைத்துக்கொள்ளும். நாள்கணக்கில் மின்சாரம் முழுவதும் நின்றதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, டிஸ்க்கோடு பேசும் முறையை ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாற்றிவிட்டது. விண்டோஸ் நிறுவப்பட்டது முன்னதில். எழுந்து பார்த்தால் தன் டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. நீலத்திரையில் 7பி என்று முடியும் எண் சொல்வது அதைத்தான். பேட்டரியை மாற்றி, செட்டப்பில் அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்ததும் பேத்தியின் படத்தோடு டெஸ்க்டாப் வந்து நின்றது. டீச்சர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தக் கடையில் ஃபார்மட் அடித்திருந்தாலும் கணினி ஓடியிருக்கும். புதிய விண்டோஸ் ஐடிஇ-யிலேயே நிறுவப்பட்டு நன்றாகவே எழும். விண்டோஸ்தான் கெட்டுப்போயிருந்தது என்று கடைக்காரரும் டீச்சரும் கடைசிவரை நம்பியிருப்பார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வேதனை தருவது இதுதான்: தவறான வைத்தியமும் பலித்துவிடுகிறது. ஃபார்மட்டைப் பழுதுபார்த்தல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. சில சமயம் அது தேவைப்படும், நானும் செய்வேன். ஆனால் ஏன் நின்றது என்று தெரிந்த பிறகு, உள்ளே இருப்பது வேறொரு டிஸ்க்கில் பத்திரமான பிறகு.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்தால் மற்ற எல்லாம் அப்புறம். 'செக் டிஸ்க்' ஓட்டுவதுகூடக் கூடாது. உயிர் ஊசலாடும் டிஸ்க்கில் அது எழுதவும் அழிக்கவும் தொடங்கிவிடும். லினக்ஸ் பென் டிரைவில் எழுப்பி, டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில் மாற்றப்பட்ட செக்டார்களும் காத்திருக்கும் செக்டார்களும் எத்தனை என்று பார்த்து, முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழுப் பிரதி எடுப்பேன். புதிய லேப்டாப்பில் பயாஸைத் தொடும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால், ஒரு செட்டிங்கை மாற்றினால்கூட 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும்; அந்தக் கணக்கு யார் பெயரில், எந்த போன் நம்பரில் திறந்தது என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழ முடியாமல் சுழன்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஃபார்மட் தேவைப்படவில்லை, சேஃப் மோடில் நுழைந்து ஒரேயொரு ஃபைலை நீக்கினால் போதும். ஆனால் எழாத கணினியை நெட்வொர்க் வழியாக எட்டுவது கடினம் என்பதால், பெரும்பாலானவற்றில் ஒருவர் நேரில் போய்க் கீபோர்டில் கை வைக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் உலகெங்கும் என் தொழில்காரர்கள் கணினி கணினியாக நடந்ததை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

சரியான பிறகும் கணினியை அன்றே கொடுப்பதில்லை. "டேலி பார்க்கணும், இன்னைக்கே வேணும்" என்று மளிகைக் கடை அண்ணாச்சி நின்றாலும், "ஒரு ராத்திரி என்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி" என்பேன். பலவீனமான கெப்பாசிட்டர், சூடான போர்டில் நன்றாக நடந்துகொள்ளும். இரவெல்லாம் ஆறிய பிறகு போட்டால்தான் தன் குணத்தைக் காட்டும். காலையில் நாலு தடவை அமுக்கினால்தான் வரும், வந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும் என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் அதுதான். அன்றே கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். பழைய சிக்கலும் அதோடு சேர்ந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். ஆகவே இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். காலையில் போட்டு, பயாஸில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விண்டோஸ் வரை போகவிட்டு, ஒரு ரீஸ்டார்ட், ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ஒரு முழு ஷட்டவுன். எல்லாவற்றிலும் தடங்கலில்லாமல் எழுந்தால் பில் போடுவேன். இல்லையென்றால் அண்ணாச்சிக்குப் போன் செய்து இன்னும் ஒரு நாள் கேட்பேன்.