காமன் பொட்டலில் நான் கண்ட ஆட்டங்கள்

கலைகளுள் மிக விரைவில் மறைவது ஆடலே. சிற்பம் கல்லில் நிலைக்கிறது. கவிதை ஏட்டில் நிலைக்கிறது. ஆடுவோனின் கால் ஓய்ந்ததும் ஆட்டமும் ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் அது வாழ்வதற்குரிய இடம் கண்டவர் நெஞ்சம் ஒன்றே. ஆகவே, ஆடலைக் கண்டவர் தாம் கண்டதைச் சொல்லிவைத்தல் ஒருவகைக் கடமை எனலாம். மேனாட்டுப் பலே நடனத்தின் சுவைஞர்கள் இதனை நன்கு உணர்ந்தவர்கள். சைக்கோவ்ஸ்கியின் இசையில் 1877ஆம் ஆண்டு மொஸ்கோவில் முதன்முதலாக ஆடப்பட்ட 'அன்னப் பொய்கை'யை ஆண்டுதோறும் கண்டு, இன்னார் ஆடிய அன்னத்துக்கும் அவருக்குப் பின்வந்தவர் ஆடிய அன்னத்துக்கும் வேறுபாடு யாது என ஆராய்ந்து எழுதுவது அவர்தம் வழக்கம். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்கள் காணச் செல்வது கதையை அன்று, ஆடுவோரை.

மலையகத்துக் காமன் கூத்தைப் பற்றி எழுதப்பட்டவை சில உள. அவை பெரும்பாலும் சடங்கைப் பற்றியன. ஆட்டக்காரரைப் பற்றியன அல்ல. நான் அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றிற் பிறந்தவன். நினைவு தெரிந்த நாள்முதல் மாசி மாதந்தோறும் தோட்டந்தோட்டமாகச் சென்று இக்கூத்தைக் கண்டு வருபவன். ஆய்வாளன் என்ற தகுதியில் அன்றி, தேடிச் சென்று கண்ட சுவைஞன் என்ற உரிமையிலேயே இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

அக்கரப்பத்தனை நுவரெலியா மாவட்டத்தில், ஹோர்ட்டன் சமவெளியை அண்ணாந்து நோக்கியவண்ணம் விரிந்து கிடக்கும் மலைப்பிரதேசம். ஆக்ரா ஓயா இதனூடே ஓடுகிறது. பல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி என்பன இங்குள்ள தோட்டங்களுட் சில. வெள்ளைக்காரத் துரைமார் தம் தாயகத்து நினைவில் இட்ட பெயர்கள் இவை. காட்டை அழித்து இத்தோட்டங்களை உண்டாக்கியோர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலாய இடங்களிலிருந்து வந்த நம் முன்னோர். மலைகளுக்குப் பெயர் சூட்டும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகியவற்றை அவர்கள் உடன் கொண்டுவந்தனர். லயங்களுக்கு இடையே சற்றுச் சமமான ஒரு நிலத்துண்டைத் தெரிந்து அதற்குக் 'காமன் பொட்டல்' என்று பெயரும் இட்டனர். துரையின் வரைபடத்தில் இடம்பெறாத பெயர் அது.

கூத்தின் அமைப்பை அறியாதார்க்காகச் சுருங்கக் கூறுகிறேன். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை காணும் நாளளவிற் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். பேய்க்கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் முதலியவற்றாற் கட்டப்படும் அக்கம்பமே காமன். ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் பூணுவர். இரவுதோறும் தப்பு முழங்கும், பாட்டு நடக்கும். இறுதி இரவில் இரதி மன்மதன் திருமணம் நிகழும். தேவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவான். கம்பமும் தீக்கிரையாகும். இரதி புலம்புவாள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்ப்பிக்கப்படுவான். தூதன், வீரபத்திரன், யமன், கோமாளி எனப் பிற வேடங்களும் உண்டு. கந்தபுராணத்துக் காமதகனப் படலமும், காளிதாசரின் குமாரசம்பவத்தில் நான்காம் சருக்கமாக அமைந்த இரதியின் புலம்பலும் நம் மாணவர் அறிந்தவையே. அவ்விரு பெருநூல்களும் சொல்லும் கதையையே கொழுந்தெடுப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் தம் மொழியில், தம் உடலால் நிகழ்த்துகின்றனர்.

இக்கூத்தின் உயிர்நிலை இரதி வேடம். அதனை ஆடுவோர் ஆண்களே. யப்பானியக் கபுகி அரங்கில் 1629ஆம் ஆண்டு பெண்கள் ஆடுவது தடைசெய்யப்பட்ட பின்னர், பெண் வேடம் பூணும் ஆடவர் மரபொன்று தோன்றிப் பெருங்கலையாக வளர்ந்தமை யாவரும் அறிந்ததே. அம்மரபினரைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு எங்கள் தோட்டத்து இரதிகளே நினைவுக்கு வருவர். நான் கண்ட இரதிகள் பலர். அவர்களுள் இருவரைப் பற்றி மட்டும் ஈண்டு விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதலாமவர் தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். நடுவயதினர், பருத்த தோளினர். பகலில் அவரைக் காண்போர் எவரும் இவர் இரதியாவார் என எண்ணமாட்டார். 1974ஆம் ஆண்டளவிற் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய காலத்திலும் எங்கள் பொட்டலிற் காமன் ஊன்றப்பட்டது. அவ்வாண்டு மெலிந்துபோன உடலுடன் அவர் ஆடியதைச் சிறுவனாக இருந்து கண்டேன். திருமண ஆட்டத்தில் அவர் கால்கள் விரைந்தன. சேலைத் தலைப்பு சுழன்றது. மன்மதன் எரிந்ததும் அனைத்தும் நின்றுவிட்டன. வேறு இரதிகள் மண்ணிற் புரண்டு அழுவதைப் பிற்காலத்திற் கண்டேன். அவர் புரளவில்லை. வெள்ளைத் துணி போர்த்தப்பட்டுக் கிடந்த மன்மதனை மும்முறை சுற்றி வந்தார். பின்னர், இழவு வீட்டு வாசலில் எங்கள் பெண்கள் நிற்பதுபோல், தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். பாதம் மட்டும் தப்பின் அடிக்கு ஏற்ப மெல்ல அசைந்துகொண்டிருந்தது. உடல் முழுதும் உறைந்திருக்க, ஒரு பாதத்தில் மட்டும் ஆட்டம் எஞ்சியிருந்த அந்நிலையை இன்றும் மறந்தேனல்லேன். பொட்டலைச் சூழ்ந்து நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதனர். அவர்கள் அழுதது மன்மதனுக்காக மட்டும் அன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அவரிடம், "மாமா, இந்த அழுகைய யாருகிட்ட படிச்சீங்க?" என்று கேட்டேன். "கால் வைக்கிறத வாத்தியார் சொல்லித் தந்தாரு தம்பி. அழுகை எங்க அம்மா குடுத்தது. சாவு வீட்டுக்கெல்லாம் என்னையும் இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் போவாங்க" என்றார். ஒப்பாரி பெண்களின் கலை. அதனைப் பாடி வளர்த்த பெண்கள் பொட்டலின் ஓரத்தில் நிற்க, அவர்தம் புதல்வன் நடுவில் நின்று அதை ஆடினான். இக்கூத்தின் பெருமையும் இதன் குறையும் அவ்வொரு விடையில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1980களின் தொடக்கத்தில் நாட்டை விட்டுச் சென்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பங்கிட 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இணக்கம் காணப்பட்டது. இலக்கங்களாகப் படிக்கும்போது இவை கணக்கு. எங்களுக்கோ அது இரதியும் தூதனும் மூத்த தப்புக்காரர் ஒருவரும் தலைமன்னார்க் கப்பலேறிய நிகழ்ச்சி. அக்கப்பற் சேவையும் 1984இல் போரினால் நின்றுபோயிற்று. தாயகம் திரும்பியோர்க்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர் வேலைக்கு அமர்ந்தார் என்று மட்டும் அறிந்தேன்.

இரண்டாம் இரதி அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்த இளைஞர். மெலிந்த உடல், சினிமா நடனங்களைக் கூர்ந்து நோக்கிய கால். முதல் இரண்டாண்டுகள் அவர் ஆட்டத்தில் அழகு இருந்தது, இரதி இருக்கவில்லை. இளைஞர் சீழ்க்கை அடித்தனர். முதியோர் பழையவரை நினைந்து பெருமூச்சு விட்டனர். மூன்றாம் ஆண்டு அவர் புலம்பலை மாற்றினார். பிணத்தை நோக்கி அழுவதை விடுத்து, பரண்மேல் வீற்றிருந்த சிவனை நோக்கித் திரும்பினார். ஒவ்வோர் அடியையும் முன்னெடுத்து வைத்து, கையை நீட்டி, வழக்குத் தொடுப்பவள் போல ஆடினார். பாட்டின் சொற்கள் பழையவையே. ஆட்டம் மட்டும், 'என் கணவன் செய்த பிழை யாது? அவனை அனுப்பியவர் எங்கே?' என வினவியது. முன்னவர் ஆடிய இரதி அழுதாள்; இவர் ஆடிய இரதி வழக்காடினாள். இரண்டனுள் எது சிறந்தது என்று எவரேனும் வினவின், விடை கூற இயலாது. ஒரே வேடத்தில் இரு தலைமுறைகளின் உள்ளம் வெளிப்பட்டது என்று மட்டும் கூறுவேன்.

அவ்வினாவே இக்கதை எங்கள் மக்களைப் பற்றிக்கொண்டமைக்குக் காரணத்தையும் எனக்கு உணர்த்திற்று. மன்மதன் தன் பொருட்டுச் செல்லவில்லை. பிறர் ஏவலை மேற்கொண்டு சென்றான். ஏவியவர் பிழைத்தனர், சென்றவன் எரிந்தான். காப்பிக்கும் தேயிலைக்குமாக மலையேறி வந்து, உரமாகி மறைந்தோரின் வழித்தோன்றல்கள் இக்கதையில் தம்மைக் கண்டது வியப்பன்று. இது என் கருத்தே, மறுப்போரும் இருக்கலாம்.

மன்மத வேடத்திற்கு வேண்டுவது வலிமை. இரதியும் மன்மதனும் ஓரிரவு முழுதும் லயம் லயமாகச் சென்று, வாசல்தோறும் ஆரத்தி ஏற்று ஆடுவர். மாசிப் பனியில், வழுக்கும் கற்படிகளில், தேயிலைச் செடிகளுக்கு இடைப்பட்ட ஒற்றையடிப் பாதைகளில் ஏறியிறங்கி, விடிவதற்குச் சற்று முன் பொட்டலை அடைந்து, அதன்பின்னரே கூத்தின் உச்சப் பகுதியை ஆடவேண்டும். பலே நடனத்தில் நாயகன் தன் இறுதித் தனியாட்டத்துக்குமுன் திரைமறைவிற் சற்று இளைப்பாறுவான். எங்கள் மன்மதனுக்குத் திரையே இல்லை. வீரபத்திர வேடமோ வேறு வகையது. அருள் வந்து ஆடியோரையும் கண்டிருக்கிறேன். அருள் வந்ததாகப் பிறர் நம்புமாறு ஆடியோரையும் கண்டிருக்கிறேன். கலை என்ற அளவில் பின்னவரே என் மதிப்புக்குரியவர். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தபோதும், காலடியிற் கிடந்த குழந்தை ஒன்றைத் தாண்டிச் செல்லும் விழிப்பு அவரிடம் இருந்தது.

தப்புக்காரரைக் கூறாது விடுதல் அறமாகாது. பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். ஆதலாற் பொட்டலின் ஓரத்திற் சருகுத் தீ மூட்டி, மாறி மாறித் தோலைக் காய்ச்சி எடுப்பர். ஒருவர் காய்ச்சும்போது மற்றவர் அடிப்பார், அடி அறுவதில்லை. முற்காலத்தில் விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆட்களை அழைத்ததும் இத்தப்பே. வேலைக்கு விரட்டிய அதே கருவி, காமன் பொட்டலில் ஆட வைத்தது. அதனை அடித்தோர் சாதியின் பேராற் புறத்தே நிறுத்தப்பட்டமை நம் சமூகத்துக்கு இழுக்கு. அவர்கள் கை ஓய்ந்தால் சிவனும் அசையான், மன்மதனும் அசையான்.

பேராதனையில் மாணவனாக இருந்த காலத்திலும் அதன்பின்னும் நல்ல மேடை ஆட்டங்களைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது. மீனவர் வாழ்வை வைத்து 1961இல் 'கரதிய' என்னும் நாட்டிய நாடகத்தைப் படைத்த சித்திரசேனாவின் குழுவினர் ஆடக் கண்டேன். கிராமியச் சடங்கினின்று பிரிந்த கண்டிய நடனம் மேடையில் எத்துணைத் தெளிவு பெற்றுள்ளது என வியந்தேன். எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றியதும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை இராவணேசன் முதலாய ஆக்கங்களாகச் செப்பனிட்டதும் நம் அரங்க வரலாற்றின் திருப்புமுனைகள். காமன் கூத்தையும் அவ்வாறு மேடைக்குக் கொணரலாமா என்று நண்பர்கள் வினவுவதுண்டு.

கொணரலாம், தடையில்லை. ஆனால் மேடை எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்து கொணர்தல் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அடியும் அமைதியும் அழகுறும், ஒளியும் உதவும். லயத்து வாசல்கள் தோறும் ஆடிக் களைத்த கால்களின் கனம் அங்கு வராது. சுற்றி நின்று அழும் பெண்களும் வாரார். மேடைக் கூத்து பொட்டற் கூத்தின் தங்கையாகலாம், அதற்கு மாற்றாகாது. மேலும், கூத்தைப் பயின்ற மாணவர் பாராட்டுப் பெற, அதனைப் பயிற்றிய தோட்டத்துக் கலைஞர் பெயரின்றி மறைவது முறையன்று.

இன்று இளைஞர் கொழும்புக் கடைகளிலும் வெளிநாடுகளிலும் உழைக்கின்றனர். மாசி விரதத்துக்கு விடுமுறை அளிக்கும் முதலாளி அரியர். சில பொட்டல்களிற் கம்பம் ஊன்றப்படாத ஆண்டுகளும் வந்துவிட்டன. அவர்கள் வேறு வாழ்வு தேடியதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை; கலை பிழைப்பதற்காக மனிதர் லயத்திலேயே கிடக்கவேண்டும் என்பது கொடுமை. நாம் செய்யக்கூடியது சிறிதே. அச்சிறிதையேனும் செய்தோமில்லை.

உயிர்த்தெழுந்த மன்மதன் இரதியின் கண்களுக்கு மட்டுமே தெரிவான், ஏனையோர்க்கு உருவிலியாவான் என்று புராணம் கூறும். ஆடி முடிந்த ஆட்டமும் அத்தகையதே. கண்டவர்க்கு மட்டும் அது உருவுடையது. ஆகவே இவ்விதழை நடத்தும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மாசியில் உங்களுட் சிலர் அக்கரப்பத்தனைக்குச் செல்லுங்கள். இன்ன தோட்டத்தில், இன்ன இரவில், இரதி ஆடியவர் யார், தப்படித்தவர் யார், புலம்பலை எவ்வாறு ஆடினார் என்று, அவர்தம் இசைவு பெற்று, ஆண்டுதோறும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். பொட்டலின் ஓரத்தில் நிற்கும் தாய்மாரிடமும் ஒரு சொல் கேளுங்கள், புலம்பல் அவர்களுடையது. பத்தாண்டுகளிற் பத்துப் பக்கங்கள் சேரும். அவ்வளவும் இதுவரை நம்மிடம் இல்லாதவை.